டாக்டரம்மாவும் குளத்து மீனும்

அந்த ஜீப்பின் பின்கதவு ஒழுங்காகச் சாத்தாது. சணல் கயிறு போட்டுக் கட்டித்தான் கிளப்புவார்கள். பாளையங்கோட்டையிலிருந்து புறப்பட்டு மேலச்செவலைத் தாண்டுவதற்குள் கயிறு தளர்ந்து கதவு ஆடத் தொடங்கிவிடும். பின்னால் குந்தியிருக்கும் நான் ஒரு கையால் கதவையும், இன்னொரு கையால் மீன் போட்டு வைக்கும் கண்ணாடிச் சீசாக்களின் பெட்டியையும் பிடித்துக்கொண்டு, காலால் வலையை மிதித்துக்கொண்டு, உயிரை எதைக் கொண்டு பிடிப்பது என்று தெரியாமல் போவேன். தொண்ணூறுகளின் நடுவில் ஓராண்டுக்கு மேல் இப்படிப் போய்வந்தேன். இன்றைக்கும் சாலையில் பழைய ஜீப் ஒன்று கடகடத்துக்கொண்டு போனால் என் வலது கை தானாக ஒரு கதவைத் தேடுகிறது.

ஜீப் டாக்டரம்மாவின் துறைக்குச் சொந்தமானது. ஒரு நாள் தடுப்பூசிக்கு, ஒரு நாள் கண் முகாமுக்கு என்று அதற்கு ஊரெல்லாம் வேலை. எங்கள் ஆராய்ச்சிக்கு அது கிடைத்தது புதன்கிழமையும் சனிக்கிழமையும் மட்டும்தான். கிடைத்த மட்டும் புண்ணியம் என்று ஏறிக்கொண்டோம். இந்தப் புதனும் சனியும் சேர்ந்து எங்களை என்ன பாடு படுத்தப்போகின்றன என்று அப்போது யாருக்கும் தெரியாது.

ஆராய்ச்சி என்பது இதுதான். ஆண்டு முழுக்கத் தாமிரபரணித் தண்ணீர் பாயும் நாடு, இரண்டு போகம் நெல் விளைகிற ஊர். அப்படிப்பட்ட ஊரில் மாசமாக இருக்கும் பெண்களின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் உள்ளே ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கிறது? டாக்டரம்மாவுக்கு அந்தக் கேள்வி பல வருஷமாக மனதில் இருந்தது. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்துவிட்டு வந்துவிடுவது அவருக்குப் போதவில்லை. வயலில் பூச்சி மருந்து வந்த பிறகு வயல் தண்ணீரில் இருந்த பொடிமீனும் நண்டும் வரப்புக் கீரையும் என்ன ஆயின, அவை போன பிறகு சட்டிக்குள் என்ன வருகிறது, சட்டி மாறினால் ரத்தம் மாறுமா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போவார். இதை ஒரு துறை தனியாகப் பார்க்க முடியாது என்று சொல்லி, மண்ணையும் தண்ணீரையும் பார்க்க ஒரு பேராசிரியரையும், மீனைப் பார்க்க என்னையும் பிடித்தார். நான் அப்போது விலங்கியல் படித்துவிட்டு, வேலை தேடுவதாகத் தச்சநல்லூரில் வீட்டாரை நம்பவைத்துக்கொண்டிருந்தேன். இந்த மாதிரி வேலைக்கு இப்போது நீளநீளமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். அன்று எங்களை ஒன்றுசேர்த்த பெயர் ஒரே வண்டியில் போகிறவர்கள் என்பதுதான்.

டாக்டரம்மா கடற்கரைக்காரர். திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு மீனவ ஊர். அப்பா கடலுக்குப் போனவர், தம்பிமார் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை, கையில் ஆண்கள் கட்டுகிற பெரிய கடிகாரம், காற்றுக்கு எதிராகப் பேசிப் பழகிய குரல். மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவப் பேராசிரியர். ஓய்வு பெற இரண்டு வருஷம்கூட மிச்சமில்லை. யாரையும் அதட்டித்தான் பேசுவார், ஆனால் அவர் அதட்டாத அன்றைக்குத்தான் நமக்குப் பயமாக இருக்கும். கத்தோலிக்க வழக்கப்படி வெள்ளிக்கிழமை அவர் வீட்டில் கறி கிடையாது, அதனாலேயே மீன் கட்டாயம் உண்டு. மீன் என்றால் அவருக்குக் கடல் மீன்தான். நான் குளத்தில் பிடித்த அயிரையையும் குறவையையும் பெருமையாக நீட்டினால், "இது மீனாலே? சேத்துல கெடக்குத பூச்சி" என்பார். சிறு வயதிலிருந்து சாளையும் விளைமீனும் தின்று வளர்ந்தவருக்குக் குளத்து மீனின் வாடை சேற்றின் வாடையாகவே தெரிந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் ஊர்ப் பெருமையும் உண்டு.

மண் பார்க்க வந்த பேராசிரியரை நாங்கள் மண்ணு சார் என்போம். பழைய நிலக்காரச் சைவக் குடும்பம். நிலம் தாத்தாவோடு போய்விட்டது, விபூதி மட்டும் குறையாமல் வந்து சேர்ந்திருந்தது. வெள்ளை வேட்டியோடுதான் வயலில் இறங்குவார், சேறு படாமல் ஏறியும் வந்துவிடுவார். அது ஒரு வித்தை. மீன் வாடை அடித்தால் தோள் துண்டு தானாக மூக்குக்குப் போகும். கடல் மீன், குளத்து மீன், கருவாடு என்ற பேதமெல்லாம் அவருக்குக் கிடையாது, எல்லாம் ஒரே வாடை. டாக்டரம்மாவின் சாப்பாட்டு டப்பாவுக்குப் பயந்தே ஜீப்பில் முன் இருக்கையைப் பிடித்துக்கொள்வார். "மீன் குளிச்ச தண்ணியத்தானே சீசாவுல பிடிச்சிட்டுப் போறீங்க, அண்ணாச்சி" என்று டாக்டரம்மா பின்னாலிருந்து சீண்டுவார். குடிப்பதற்காகக் கொண்டுபோகவில்லை என்று அவர் திரும்பாமலே பதில் சொல்வார். இருவருக்கும் ஒருவரை ஒருவர் ரொம்பப் பிடிக்கும் என்பதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல மாதங்கள் ஆயின.

நாங்கள் போனது சேரன்மகாதேவிக்கு மேற்கே, கால்வாய்த் தண்ணீர் வந்து நிரம்புகிற ஒரு குளத்தை ஒட்டிய ஊருக்கு. ஜீப் நின்றதும் மூவரும் மூன்று பக்கம் பிரிவோம். மண்ணு சார் வயலுக்கு, நான் குளத்துக்கு, டாக்டரம்மா வீடுகளுக்கு. அவர் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக்கொண்டு, பிறகு ஒரே ஒரு கேள்வியை விரித்து விரித்துக் கேட்பார்: நேற்று காலையிலிருந்து படுக்கப் போகும்வரை என்னென்ன சாப்பிட்டீர்கள்? அந்த நேற்று என்ற சொல்லில் அவர் ரொம்பக் கண்டிப்பு. பொதுவாக என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டால் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்வது போலச் சொல்லிவிடுவார்கள், நேற்று என்று கேட்டால்தான் சட்டியில் இருந்தது வாயில் வரும் என்பது அவர் கட்சி. அதில் தப்பும் கிடையாது. உலகம் முழுக்க அப்படித்தான் கேட்கிறார்கள்.

மாதங்கள் போகப் போக, எங்கள் மூன்று பேர் கணக்கும் ஒன்றோடொன்று முறைத்துக்கொள்ள ஆரம்பித்தது. வயலில் மருந்து நிறையத் தங்கியிருக்கிறது என்றார் மண்ணு சார். அதற்குத் தக்கபடி வயல் தண்ணீரில் மீன் என்று சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் குளத்தில் போட்ட வலை கனத்து வந்தது. அயிரை, குறவை, கெளுத்தி, பெயர் தெரியாத பொடிகள் என்று குளம் இன்னும் உயிரோடு இருந்தது. கரையோரம் பழைய சேலையை இரண்டு பேராகப் பிடித்துப் பொடிமீன் வடிக்கும் பெண்களையும் நான் பார்த்திருந்தேன். டாக்டரம்மாவின் கணக்கிலோ மீனே இல்லை. சோறு, ரசம், புளிக்குழம்பு, துவையல். மறுபடி சோறு, ரசம். பிடிக்கிற மீனை யாருக்கோ விற்றுவிடுகிறார்கள் போலிருக்கிறது என்று முடிவு கட்டினோம். டாக்டரம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் கணக்கு சொல்வதை மாற்றி எழுதுகிறவர் அல்ல அவர். இந்த ஊர்ப் பெண்கள் மீன் உண்பதில்லை என்று இடைக்கால அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அரசுக்கு அனுப்பினார்.

அந்த வரிக்கு ஆள் காத்துக்கொண்டிருந்தது. குளத்தில் பெரிய கெண்டை வளர்க்க ஒரு திட்டம் வந்திருந்தது. அதற்கு முதலில் இலுப்பைப் புண்ணாக்கைக் கரைத்து ஊற்றி, கெண்டைக் குஞ்சைத் தின்றுவிடும் என்று குளத்திலுள்ள பொடிமீனை எல்லாம் ஒழித்துவிட வேண்டும். பிறகுதான் கெண்டைக் குஞ்சு விடுவார்கள். பொடிமீனுக்குத் திட்டக்காரர்கள் வைத்த பெயர் களை மீன். ஊரார் அதைச் சாப்பிடுகிறார்களா என்று பார்க்க வேண்டிய மீன்துறை அதிகாரிக்கு, சாப்பிடுவதில்லை என்று ஒரு பேராசிரியரே எழுதிய அறிக்கை கையில் கிடைத்தால் வேறென்ன வேண்டும்? ஊர்ப் பஞ்சாயத்துக் கட்டடத்தில் கூட்டம் போட்டு முடித்துவிடலாம் என்று நாள் குறித்துவிட்டார். கெண்டை வளர்க்கக் குளத்தைக் குத்தகை எடுத்தவர் புண்ணாக்கு மூட்டைகளைக்கூட இறக்கிவைத்துவிட்டார். எங்களுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது.

தெரியவந்தது ஒரு புதன்கிழமை. பால்காரர் மருமகள் வாசலிலேயே நின்றிருந்தாள். தலைப்பிள்ளைக்கு மாசமாக இருந்த பெண். ஊரிலேயே அவள் கண்தான் மிக வெளுத்திருந்தது. டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் முதலில் அந்த வீட்டுக்குத்தான் போவார். அன்று நான் கைகால் கழுவத் தண்ணீர் கேட்டு அங்கே போயிருந்ததால் எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்த்தேன். அவள் விரலை நீட்டவில்லை.

"குளத்துல மருந்து ஊத்தப் போறாங்களாம்மா. நாங்க யாரும் மீனு திங்கிறதில்லன்னு நீங்கதான் எழுதிக் குடுத்தீங்கன்னு சொல்லுதாங்க."

டாக்டரம்மாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அவள் சொன்னதைத்தானே எழுதினேன் என்று சமாதானம் சொல்லத் தொடங்கியவர், பாதியில் நிறுத்தி மூக்கை உயர்த்தினார். வீட்டுக்குள்ளிருந்து ஒரு வாடை வந்தது. மாதக்கணக்காக இதே வாசலில் உட்கார்ந்து அவர் சேறு என்று நினைத்து ஒதுக்கிய அதே வாடை. அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று கேட்டார். குறவை என்றாள் அவள்.

"பெறவு ஏன் ஏட்டி எங்கிட்ட திங்கலன்னு சொன்ன?"

"நேத்து திங்கலம்மா. நீங்க நேத்துல்லா கேட்டீங்க."

டாக்டரம்மா அங்கிருந்த அம்மிக்கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு, இன்றைக்கு என்ன கிழமை என்று என்னைக் கேட்டார். புதன் என்றேன். நேற்று செவ்வாய் என்று அவரே சொல்லிக்கொண்டார். சனிக்கிழமை வந்தால் நேற்று வெள்ளி என்றும் சொன்னார். இந்தப் பக்கத்து வீடுகளில் செவ்வாயும் வெள்ளியும் சாமிக்கு உரிய நாட்கள், அடுப்பில் மீன் ஏறாது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அது மூச்சு விடுவது மாதிரி, யாரும் யாருக்கும் சொல்வதில்லை. நானோ டாக்டரம்மாவின் கேள்வித்தாளைக் கண்ணால் பார்த்ததில்லை, இடுப்பளவு தண்ணீரில் நின்று மீன் எண்ணிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமைதான் தவறாமல் மீன் சாப்பிடுகிற டாக்டரம்மாவுக்கு அந்த நாளில் ஒரு ஊரே மீனை விலக்கும் என்று தோன்ற வழியில்லை. வாரம் ஏழு நாளும் மீன் விலக்கிய மண்ணு சாருக்கு, செவ்வாய்க்கும் புதனுக்கும் என்ன வித்தியாசம் தெரியப்போகிறது? எங்கள் மூவரின் சட்டியும் சேர்ந்து ஊரின் சட்டியை மறைத்துவிட்டன.

டாக்டரம்மா சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். "மூக்கு மீனுன்னு சொல்லியிருக்கு. கை இல்லன்னு எழுதியிருக்கு. இப்படியும் ஒருத்தி உண்டா?" என்றார். பால்காரர் மருமகளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் ஜீப்பில் திரும்பும்போது அவர் யாரையும் அதட்டவில்லை. வயலில் மீன் போய்விட்டது, குளத்தில் இருப்பதுதான் மிச்சம். வெளுத்த கண்ணோடு ஒரு பெண் தலைப்பிள்ளையைச் சுமந்துகொண்டிருக்கிற ஊரில், அந்த மிச்சத்தையும் தன் கையெழுத்தே ஒழித்துவிடப்போகிறது என்பதை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

மறுநாளே அவர் கல்லூரி முதல்வரைப் போய்ப் பார்த்தார். ஓய்வு பெறும் நேரத்தில் போட்ட கையெழுத்தைத் தானே தப்பு என்று ஊர்க் கூட்டத்தில் போய்ச் சொல்ல வேண்டாம் என்றும், கல்லூரிக்கும் கெட்ட பெயர், அவருக்கும் கெட்ட பெயர் என்றும், பிறகு மெதுவாகத் திருத்தம் அனுப்பிக்கொள்ளலாம் என்றும் முதல்வர் நல்ல விதமாகத்தான் சொல்லியிருக்கிறார். மெதுவாகத் திருத்தம் போய்ச் சேர்வதற்குள் குளத்தில் மீன் மல்லாந்துவிடும் என்று டாக்டரம்மா எழுந்து வந்துவிட்டார். கூட்டத்துக்கு முன்னால் எல்லா வீட்டிலும் மறுபடி கேட்க வேண்டும், அதுவும் மற்றக் கிழமைகளில் கேட்க வேண்டும். மற்றக் கிழமைகளில் ஜீப் கிடையாது. "பாபநாசம் பஸ் எதுக்குலே ஓடுது?" என்றார்.

திங்கட்கிழமைக் காலை பேருந்து நிலையத்தில் நானும் அவரும் நின்றிருந்தபோது, துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு மண்ணு சார் வந்து சேர்ந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. எல்லா வீட்டையும் இரண்டு பேரால் முடிக்க முடியாது, தானும் கேட்டு எழுதுகிறேன் என்றார். மீன் வீடுகளில் உட்கார வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா எச்சரித்தார். உட்காருவதற்குத்தான் வந்தேன் என்றார் அவர்.

அந்தச் சில நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குத் தனியாக இருக்கும்போதுகூடச் சிரிப்பு வரும். நெற்றி நிறைய விபூதியோடு ஒரு பெரியவர் வீட்டுக்கு வீடு போய், நேற்று என்ன மீன், புளி ஊற்றினதா, பொரித்ததா, தலையோடு தின்றீர்களா தலையைக் கிள்ளிவிட்டா, முள்ளை மென்றீர்களா துப்பினீர்களா என்று முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் கேட்டு எழுதினார். தலையும் முள்ளுமாகத் தின்றால்தான் பொடிமீனில் உள்ள சத்து முழுக்கச் சேரும் என்று டாக்டரம்மா சொல்லிக்கொடுத்திருந்தார். அயிரை, கெளுத்தி என்ற பெயர்கள் அவர் வாயில் நுழைய ஒரு நாள் ஆயிற்று. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பதில் சொன்னார்கள். துண்டு அந்த நாட்களில் தோளை விட்டு மூக்குக்குப் போகவேயில்லை என்பதை நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு வீட்டில், வெயிலில் வந்தவருக்கு மோர் கொடுக்க வேண்டும் என்று அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஆசை. மீன் புழங்கிய வீட்டுத் தம்ளரில் அவர் குடிப்பாரா என்று தயக்கம். புளி போட்டுத் தேய்த்தாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள், மோந்து பார்த்துவிட்டு மறுபடியும் தேய்த்தாள். மண்ணு சார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு இருந்தார். அவள் நீட்டியதும் வாங்கி, தூக்கிக்கூட ஊற்றிக்கொள்ளாமல், வாய் வைத்துக் குடித்துவிட்டு, மோரில் உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்லித் தம்ளரைக் கொடுத்தார். பேருந்தில் டாக்டரம்மா அதைப் பற்றி ஏதாவது சீண்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஜன்னல் பக்க இருக்கையை மண்ணு சாருக்கு விட்டுக்கொடுத்ததோடு சரி.

புதிய கணக்கு முற்றிலும் வேறாக இருந்தது. ஞாயிறு, திங்கள், புதன், வியாழன் என்று அநேகமாக எல்லா வீட்டிலும் ஏதோ ஒரு வேளை பொடிமீன் இருந்தது. காசு கொடுத்து வாங்கியது அல்ல, குளத்தில் வடித்தது. வேறு குழம்புக்கு வழியில்லாத வீடுகளில்தான் அது அதிகம்.

கூட்டத்தன்று பஞ்சாயத்துக் கட்டடத்தில் நாற்காலிகள் ஆண்களால் நிறைந்திருந்தன. பெண்கள் வெளியே வேப்ப மரத்தடியில் நின்றார்கள், பால்காரர் மருமகள் இடுப்பில் கை ஊன்றி முன்னால் நின்றாள். அதிகாரி எங்கள் அறிக்கையின் அந்த வரியை வாசித்தார். டாக்டரம்மா எழுந்தார்.

"அதை எழுதுனவ நான்தான். அது தப்பு. செவ்வாயும் வெள்ளியும் தின்னதை மட்டும் கேட்டு எழுதுன கணக்கு அது."

வெளியே பெண்கள் சிரித்துவிட்டார்கள், உள்ளே ஆண்கள் சிலரும்தான். டாக்டரம்மா அந்தச் சிரிப்பு அடங்கும் வரை நின்றார். முகம் சிவந்திருந்தது. பிறகு புதிய கணக்கைச் சொன்னார். பொடிமீன் தின்றால் ரத்தம் ஊறிவிடும் என்று தான் சொல்லவில்லை, அதை இனிமேல்தான் பார்க்க வேண்டும், ஆனால் தின்பதில்லை என்று சொன்னது தப்பு, அந்தத் தப்பை நம்பிக் குளத்தில் எதையும் ஊற்ற வேண்டாம் என்று முடித்தார். அதிகாரிக்குக் கோபம். போன மாதம் ஒன்று, இந்த மாதம் ஒன்று என்றால் எதை நம்புவது என்றார். டாக்டர் கடற்கரைக்காரர், மீன்மேல் ஆசைப்பட்டு இதைச் சொல்லலாம் என்றும் ஒரு வார்த்தை சேர்த்தார்.

அப்போது மண்ணு சார் எழுந்தார். அவர் கூட்டங்களில் பேசுகிறவர் அல்ல.

"ஐயா, நான் பொறந்ததுலேருந்து மீனைத் தொட்டவன் இல்ல. இந்தக் குளத்துல மீன் இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான், இல்லாட்டாலும் ஒண்ணுதான். இந்த வீடுகள்ல நான் உக்காந்து கேட்டேன். சாப்பிடுதாங்க. தலையோட, முள்ளோட சாப்பிடுதாங்க. வயல்ல நாம அடிச்ச மருந்துல அங்க இருந்தது போயிட்டு. இதையும் எடுத்துட்டா வேற இல்ல."

சொல்லிவிட்டு உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதிகாரி அவர் நெற்றியைப் பார்த்தார், பிறகு கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். அந்த மனிதரைப் பார்த்துவிட்டு, மீன் ஆசையில் சொல்கிறார் என்று எவராலும் சொல்ல முடியாது. அதிகாரி குத்தகைக்காரரோடு கொஞ்ச நேரம் தனியே பேசினார். கடைசியில், புண்ணாக்கு ஊற்ற வேண்டாம், கெண்டைக் குஞ்சைச் சற்று வளர்ந்ததாக வாங்கி விட்டுக்கொள்ளலாம், கரையோரம் பொடிமீன் வடிப்பதை யாரும் தடுக்கக் கூடாது என்று எழுதினார். குத்தகைக்காரர் முணுமுணுத்தார். புண்ணாக்கு மூட்டைகள் பிறகு தென்னைக்கு உரமாகப் போயின என்று கேள்விப்பட்டேன்.

டாக்டரம்மா அடுத்த சில மாதங்களில் ஓய்வு பெற்று ஊரோடு போனார். பிள்ளை பெற்று வந்த பால்காரர் மருமகளை அதற்கு முன் ஒருமுறை பார்த்து, கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று அரை மனதாகச் சொன்னார். மாத்திரையால் ஆயிற்றா, மீனால் ஆயிற்றா என்று அவர் கடைசி வரை சொல்லவில்லை. தெரியாததைச் சொல்ல மாட்டார். நிறைந்த வயதில் சில வருஷங்களுக்கு முன்னால் காலமானார். மண்ணு சார் மகன் வீட்டில் இருக்கிறார், காது மட்டும் மந்தம். நான் இப்போது ஒரு கல்லூரியில் இதே வேலைக்குப் பிள்ளைகளைப் பழக்குகிறேன். குளிரூட்டிய அறையில் உடல்நலம், உணவு, சுற்றுச்சூழல் என்று மூன்று வட்டங்களை ஒன்றோடொன்று வெட்டிக்கொள்ளும்படி திரையில் போட்டு அழகாகப் பேசுகிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள், எனக்குக் குறை ஒன்றுமில்லை. எங்களுக்குக் கிடைக்காத கருவியெல்லாம் அவர்கள் கையில் இருக்கிறது. ஆனால் அந்த மூன்று வட்டமும் சந்திக்கிற இடம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், எனக்குத் திரை ஞாபகத்துக்கு வருவதில்லை. கூட்டம் முடிந்து நாங்கள் திரும்பிய பேருந்துதான் வருகிறது.

பேருந்துக்கு நின்றபோது பால்காரர் மருமகள் வேகமாக வந்து டாக்டரம்மா கையில் ஒரு சின்னத் தூக்குச் சட்டியைக் கொடுத்துவிட்டு, வெயிலுக்குக் கெட்டுவிடும், சீக்கிரம் சாப்பிட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். உள்ளே அயிரைக் குழம்பு. டாக்டரம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தபடி வந்தார். வாழ்நாளில் குளத்து மீனை வாயில் வைத்தவர் அல்ல. எனக்குக் கொடுத்துவிடுவார் என்று நான் ஆசையோடு காத்திருந்தேன்.

"வேண்டாம்லே" என்றார் என் கண்ணைப் பார்த்து. "இதை நான் திங்காமப் போனா, அங்கன பேசுனதுல பாதி பொய்யாயிரும்."

மூடியைத் திறந்தார். ஓடுகிற பேருந்தில் மூடியை வைக்க இடமில்லை. பக்கத்து இருக்கையிலிருந்து மண்ணு சார் கையை நீட்டி அதை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். டாக்டரம்மா ஒரு மீனை எடுத்துத் தலையோடு வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார். எப்படி இருக்கிறது என்று கேட்டது நான் இல்லை, மண்ணு சார்.

"சேத்து வாடை இருக்கத்தான் செய்யுது, அண்ணாச்சி" என்று சொல்லி இன்னொன்றை எடுத்தார்.

பத்தமடை வருவதற்குள் சட்டி காலியாகிவிட்டது. மூடியிலிருந்து குழம்பு வழிந்து வெள்ளை வேட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளாகப் படர்ந்திருந்தது. மண்ணு சார் அதைப் பார்த்தார். மூடியை மட்டும் கீழே வைக்கவில்லை.